தீவிலிருந்து தீவுக்கு: பசிபிக் பிரயாணத்துக்கு ஒரு வழித்திட்டம்



அல்சூரில் குடியிருக்கும் ஒருவர் ஸ்ரீராமபுரத்தில் உள்ள உறவினரைப் பார்க்கப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நேர் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பதில்லை. மெஜஸ்டிக்குக்குப் போகிறார், அங்கே இறங்கி வேறு வண்டி மாறுகிறார். மெட்ரோ ரயிலில் போனாலும் அதே மெஜஸ்டிக்கில்தான் மாற வேண்டும். வரைபடத்தை வைத்துப் பார்த்தால் இது சுற்று வழி. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் இதுவே நேர் வழி. பெங்களூர்த் தமிழர்கள் அன்றாடம் கையாளும் இந்தச் சிறிய அறிவுதான், உலகத்தின் மிகப் பெரிய சமுத்திரத்தில் தீவு தீவாகச் சுற்றி வருவதற்கும் வேண்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன்.

பசிபிக் தீவுகளுக்குப் போவதில் நமக்கு என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். நமக்கு வேறொரு காரணமும் உண்டு. 1879-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ‘லியோனிதாஸ்’ என்னும் கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளைப் பிஜித் தீவுக்குக் கொண்டு சேர்த்தது. 1903-ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. 1916-இல் ஆள் சேர்ப்பது நிற்கும் வரையில், 42 கப்பல்கள் 87 தடவை அந்தக் கடலைக் கடந்தன. 60,000-க்கு மேற்பட்ட இந்தியர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் சென்னை வழியாகச் சென்ற தென்னாட்டவர்கள். வடஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து தமிழர்களும், அவர்களுடன் தெலுங்கர்களும் மலையாளிகளும் சென்றார்கள். பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்று பாடியது இந்தப் பிஜியை நினைத்துத்தான். 1920-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் யாவும் ரத்து செய்யப்பட்டன. சிலர் திரும்பி வந்தார்கள். பெரும்பாலோர் வரவில்லை. அப்படி வராதவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் இன்று அங்கே வாழ்கிறார்கள்.

ஆகையால், ‘எங்கள் தாத்தாவின் தமையனார் பிஜிக்குப் போனாராம், பிறகு சேதியே இல்லை’ என்று பேசிக்கொள்ளும் குடும்பம் இன்றும் இருக்கக்கூடும். அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தம் மனைவியுடன், மூன்றரை வார விடுமுறையில், பெங்களூரிலிருந்து புறப்படுகிறார் என்று பாவித்துக்கொள்வோம். பிஜியைப் பார்க்க வேண்டும்; அவ்வளவு தூரம் போன பின் வேறு இரண்டொரு தீவு நாடுகளையும் பார்த்து வர வேண்டும். பணமும் நாளும் வீணாகாமல் இதை எப்படித் திட்டமிடுவது?

முதலில் தூரத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பசிபிக் சமுத்திரத்தின் பரப்பு சுமார் 16½ கோடி சதுர கிலோமீட்டர். உலகத்து நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதற்குள் அடங்கிவிடும். கிரிபாட்டி என்று எழுதி, ‘கிரிபாஸ்’ என்று உச்சரிக்கப்படும் ஒரு நாடு இருக்கிறது. அதன் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். பெங்களூர் ஒரே மாநகராட்சியாக இருந்தபோது அதன் எல்லை 741 சதுர கிலோமீட்டர். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் அந்த நாட்டுக்குரிய கடற்பரப்போ சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது இந்தியாவை விடச் சற்றுப் பெரியது. நம் ஊரின் பேட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்து, காஷ்மீரம் முதல் குமரி வரை தூவிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது அந்த நாடு. அதன் மேற்குப் பகுதியிலுள்ள தாராவாவிலிருந்து கிழக்குப் பகுதியிலுள்ள கிரிட்டிமாட்டித் தீவுக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல். இதனால்தான், வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் அருகருகே இருப்பதைக் கண்டு, ‘இங்கிருந்து அங்கே ஒரு படகு பிடித்தால் போயிற்று’ என்று எண்ணுகிறவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள்.

முதல் விதி இதிலிருந்து பிறக்கிறது. கடலின் வரைபடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, விமானங்கள் செல்லும் கோடுகளின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தீவுகளுக்கிடையே உள்ள தூரம் முக்கியமன்று. அவற்றுக்கிடையே வாரத்தில் எத்தனை விமானம் போகிறது என்பதே முக்கியம். பக்கத்துத் தீவுக்கு நேர் விமானம் இல்லாமல், ஆயிரம் கிலோமீட்டர் பின்னுக்கு வந்து வேறு விமானம் ஏற வேண்டியிருப்பது அங்கே சகஜம்.

அந்த வரைபடத்தைப் பார்த்தால் மூன்று முறைகள் தெளிவாகத் தெரியும். தென்பசிபிக்கில் பிஜி ஒரு சக்கரத்தின் குடத்தைப் போல நடுவில் இருக்கிறது. சமோவா, தொங்கா, வனுவாட்டு, துவாலு, கிரிபாட்டி, சாலமன் தீவுகள் ஆகியவற்றுக்கு அதிலிருந்து ஆரக்கால்கள் போல வழிகள் புறப்படுகின்றன. இது மெஜஸ்டிக் முறை. வடக்கே மைக்ரோனீசியாவில் நிலைமை வேறு. ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலுவிலிருந்து மஜுரோ, குவாஜலின், கோஸ்ரை, போன்பை, சூக் என்று ஒவ்வோர் இடமாக இறங்கி ஏறிக் குவாம் தீவைச் சேரும் ஒரு விமானம் உண்டு. 1968-இல் தொடங்கிய இந்தச் சேவை, ஊர் ஊராக நின்று போகும் பாசஞ்சர் ரயிலைப் போன்றது. ஒரே மூச்சில் போனால் ஏறத்தாழ பதினைந்து மணி நேரம் ஆகும். குவாஜலினில் அமெரிக்க ராணுவத் தளம் இருப்பதால், அனுமதி பெறாதவர்கள் அங்கே விமானத்தை விட்டு இறங்க முடியாது. மூன்றாவது முறை, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து நவூரு நாட்டு விமானம் நவூருவுக்கும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளுக்கும் செல்லும் வழி.

மூன்றையும் ஒரே பிரயாணத்தில் கட்டிப் பிடிக்க நினைப்பது அகலக் கால் வைப்பதாகும். வடக்கு வழிக்கு ஹோனலூலுவும் குவாமும் வாயில்கள். இரண்டும் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டவை. ஆகவே இந்தியர்களுக்கு அமெரிக்க விசா முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். பிரிஸ்பேன் வழிக்கு ஆஸ்திரேலிய அனுமதி வேண்டும். வெறுமனே விமானம் மாறுவதற்குக்கூட அது தேவைப்படும். நம் பெங்களூர்த் தம்பதிகளுக்கு உகந்தது முதல் முறை. பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து பிஜி நாட்டு விமானம் நேராகப் போய்ச் சேருகிறது; அதற்கு ஏறத்தாழ பத்து மணி நேரம். இடையில் வேறு நாட்டு விசா எதுவும் தேவைப்படாத வழி இது.

பிஜியில் நாம் இறங்கும் ஊரின் பெயர் ஆங்கில எழுத்தில் ‘நாடி’ என்று படிக்கும்படி இருக்கும். ஆனால் பிஜி மொழியில் அந்த ‘ட’ எழுத்துக்கு முன்னால் ஒரு மெல்லின ஒலி சேர்ந்து வருகிறது. ஆகவே ஊரின் பெயர் ‘நந்தி’! அவ்வாறே, ‘சிகடோகா’ என்று எழுதப்பட்டிருப்பது சிங்கதோக்கா. ‘லபாசா’ என்று எழுதப்பட்டிருப்பது லம்பாசா. நம்முடைய விமான நிலையமோ நந்தி மலையின் அருகே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஒரு நந்தியிலிருந்து எழும்பி இன்னொரு நந்தியில் இறங்குகிறோம். இரண்டு பெயர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த ஊர்க் கடைத்தெருவின் தென்கோடியில், கோபுரத்துடன் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலைக் காணும்போது, ஒரு கணம் திகைப்பு ஏற்படத்தான் செய்யும். இப்பொழுதுள்ள கோயில் 1994-இல் கும்பாபிஷேகம் ஆனது.

இரண்டாவது விதி: அபூர்வமான விமானத்தை முதலில் நிச்சயம் செய்யுங்கள். தினந்தோறும் போகும் விமானத்தை என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மூன்று தடவை மட்டுமே போகும் விமானம் நம் சௌகரியத்துக்குக் காத்திராது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது முதலில் முகூர்த்தத்தையும் சத்திரத்தையும் நிச்சயம் செய்துவிட்டுத்தானே பந்தல்காரரிடமும் மேளக்காரரிடமும் பேசுகிறோம்? அதைப் போல, துவாலு நாட்டின் புனாபுட்டிக்குப் போகும் சிறிய விமானத்தின் கிழமைகளை முதலில் எழுதிக்கொண்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்க வேண்டும். துவாலுவின் நிலப்பரப்பு மொத்தமே 26 சதுர கிலோமீட்டர், ஒன்பது தீவுகள். விமானம் வரும் நேரத்தில் சங்கு ஊதுகிறார்கள். மற்ற வேளைகளில் அந்த ஓடுபாதையே சிறுவர்கள் பந்தாடும் மைதானம். கடல் மட்டம் உயர்ந்து வருவதால் கவலையுடன் வாழும் நாடு அது. பணத்தாள்களையே நம்பியிருந்த அந்நாட்டில் முதல் தானியங்கிப் பணப்பொறி 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் வந்தது. துவாலு, கிரிபாட்டி, நவூரு ஆகிய மூன்றிலும் ஆஸ்திரேலிய டாலர் செல்லும். அதைப் பிஜியிலேயே மாற்றிக் கையில் எடுத்துப் போவது நலம்.

மூன்றாவது விதி: ஒவ்வோர் ஆரக்காலிலும் போய்த் திரும்பியபின், குடத்தில் ஒரு நாள் சும்மா இருங்கள். இதைச் சிலர் வீண் என்று நினைப்பார்கள். சிறிய தீவுகளில் மழையோ, இயந்திரப் பழுதோ ஏற்பட்டால் அடுத்த விமானம் அடுத்த நாள் அன்று; இரண்டு நாட்களோ மூன்று நாட்களோ கழித்துத்தான். அன்றே சிங்கப்பூர் விமானத்தைப் பிடிப்பதாகத் திட்டமிட்டிருந்தால், ஒரு சிறு தாமதம் முழுப் பிரயாணத்தையும் குலைத்துவிடும். விமான நிறுவனமே நின்றுவிடுவதும் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வனுவாட்டு நாட்டு விமான நிறுவனம் கடன்சுமை காரணமாகக் கலைப்பு நடவடிக்கைக்கு உட்பட்டு, விமானங்கள் திடீரென்று ரத்தாயின; அன்று அந்தத் தீவில் இருந்தவர்கள் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். இயன்றவரை எல்லா இணைப்புகளையும் ஒரே பயணச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அப்படி வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறும்போது, உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. தனித்தனிச் சீட்டுகளாக வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

நான்காவது விதி தேதியைப் பற்றியது. பசிபிக்கின் நடுவே சர்வதேசத் தேதிக் கோடு ஓடுகிறது. அதன் மேற்கே திங்கட்கிழமை என்றால் கிழக்கே ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கோடு ஒரே நேராக இல்லை. நாடுகளின் விருப்பத்துக்கு ஏற்ப வளைந்து செல்கிறது. சமோவா நாடு நெடுங்காலம் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. வியாபாரமோ ஆஸ்திரேலியாவுடனும் நியூஸிலாந்துடனும். அவர்களுக்குத் திங்கட்கிழமை அலுவல் தொடங்கும்போது சமோவாவில் ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தொல்லை தீர, 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதியை நாட்காட்டியிலிருந்தே நீக்கி, 29-ஆம் தேதியிலிருந்து 31-க்குத் தாவி, கோட்டின் மேற்குப் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். பக்கத்திலுள்ள அமெரிக்க சமோவா அப்படி மாறவில்லை. அதனால் இவ்விரண்டுக்கும் இடையே விமானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை; ஆனால் கடிகாரத்தில் முழுதாக 24 மணி வித்தியாசம்! இன்று பிஜியிலிருந்து சமோவாவின் ஆப்பியாவுக்குப் போனால் கடிகாரத்தை ஒரு மணி மட்டும் முன்னே தள்ளினால் போதும். ஹோனலூலு அல்லது அமெரிக்க சமோவா பக்கம் போகிறவர்கள் மட்டும், விடுதிக்கு எழுதும் தேதி எந்த ஊர்த் தேதி என்பதை இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பிஜியின் நேரம் நம் நேரத்துக்கு ஆறரை மணி முந்தியது.

கிழமையும் முக்கியம். தொங்கா நாட்டின் அரசியல் சட்டமே ஞாயிற்றுக்கிழமையைப் புனித ஓய்வுநாளாக வைத்திருக்கிறது. அன்று கடைகள் அடைத்திருக்கும், உள்நாட்டு விமானங்கள் பறப்பதில்லை. சனிக்கிழமை இரவு அங்கே போய் இறங்குகிறவருக்கு ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பருவத்தைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘வின்ஸ்டன்’ என்னும் புயல் பிஜியைச் சூறையாடியது. மே முதல் அக்டோபர் வரை வறண்ட, இதமான காலம். நம் ஊரில் மழை பெய்யும் ஜூன், ஜூலை மாதங்களே அங்கே போவதற்கு ஏற்றவை.

அனுமதிச் சீட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் முன்கூட்டி விசா பெறாமலே பிஜிக்குள் நான்கு மாதம் வரை தங்க இடமளிக்கப்படுகிறது. சமோவாவில் இறங்கியபின் அனுமதி தருகிறார்கள். தொங்காவுக்கு முன்னதாகவே விசா வாங்க வேண்டும். எந்த நாட்டிலும், திரும்பிப் போவதற்கான பயணச்சீட்டைக் காட்டச் சொல்வார்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இவ்விதிகள் மாறக்கூடியவை, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால் அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் மீண்டும் விசாரித்துக்கொள்வது கடமை. சிறிய விமானங்களில் மூட்டைக்கு அனுமதிக்கும் எடை குறைவு என்பதையும் மறக்கலாகாது. பெரிய பெட்டியை நந்தியிலுள்ள விடுதியில் விட்டுவிட்டு, கைப்பையுடன் தீவுகளுக்குப் போவதே அனுபவசாலிகளின் வழக்கம்.

இனி நம் தம்பதிகளின் நாட்களை அடுக்கிப் பார்ப்போம். முதல் நாள் பெங்களூரிலிருந்து புறப்படுகிறார்கள். இரண்டாம் நாள் நந்தி. மூன்றாம் நாள் ஓய்வும் கோயில் தரிசனமும். நான்காம் நாள் வடக்கே லௌதோக்கா. 1903-இல் திறந்த சர்க்கரை ஆலையும், வழி நெடுகக் கரும்புக் கொல்லைகளும் அங்கே உண்டு. ஐந்தாம் நாள், சிங்கதோக்கா வழியாகக் கடற்கரைச் சாலையில் தலைநகரான சூவாவுக்கு. சுமார் 190 கிலோமீட்டர். பஸ்ஸிலேயே போகலாம், ஜன்னல் ஓரத்து இருக்கை கிடைத்தால் அதுவே ஒரு பாக்கியம். ஆறு, ஏழாம் நாட்கள் சூவாவில். எட்டாம் நாள் புனாபுட்டிக்கு விமானம். பதினோராம் நாள் திரும்புகிறார்கள். பன்னிரண்டாம் நாள் ஓய்வு. பதின்மூன்றாம் நாள் பிஜியின் இரண்டாவது பெரிய தீவான வனுவா லேவுவில் உள்ள லம்பாசாவுக்கு. தென்னிந்தியர் பலர் வாழும் கரும்பு நாடு அது. பதினாறாம் நாள் நந்திக்கு. பதினேழு முதல் இருபது வரை சமோவாவின் ஆப்பியா. அங்கே ஸ்டீவன்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1894-இல் காலமான வைலிமா இல்லத்தைக் காணலாம். இருபத்தொன்று நந்தியில் ஓய்வு. இருபத்திரண்டில் புறப்பாடு.

மொத்தம் மூன்றே நாடுகள். ‘இவ்வளவு செலவழித்துப் போய் மூன்றுதானா?’ என்று கேட்கத் தோன்றும். நான்காவது நாடு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள், ஓய்வுக்கு ஒரு நாள், விமானக் கிழமைக்காகக் காத்திருக்க இன்னும் ஒரு நாளாவது ஆகும். ஆக, இரண்டு நாள் பார்ப்பதற்கு ஆறு நாள் வேண்டும். அந்த ஆறு நாட்களைச் சூவாவிலிருந்தும் லம்பாசாவிலிருந்தும்தான் பறிக்க வேண்டியிருக்கும். சிக்கனமான பிரயாணம் என்பது அதிகமான தீவுகளைத் தொட்டுவிட்டு வருவது அன்று. எதற்காகப் புறப்பட்டோமோ அந்தக் காரியத்துக்கு நாள் குறையாமல் பார்த்துக்கொள்வதே.

நம்மவர்கள் புறப்பட்ட காரியம் சூவாவில் இருக்கிறது. பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில், ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவருக்கும் கப்பல் ஏறுமுன் எழுதிய சீட்டுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கப்பலின் பெயர் என்று எல்லாம் அதில் குறித்திருக்கும். சனி, ஞாயிறுகளில் காப்பகக் கதவைத் தட்டிப் பயனில்லை. ஆகவே, ஆறாம், ஏழாம் நாட்கள் வேலை நாட்களாக அமையும்படி முழுத் திட்டத்தையும் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். புனாபுட்டி விமானத்தின் கிழமை, காப்பகத்தின் வேலை நாள் ஆகிய இரண்டு ஆணிகளை முதலில் அடித்துவிட்டு, மற்ற நாட்களை அவற்றில் மாட்டிவிட வேண்டும். வழித்திட்டத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் ஓர் இடையூறு உண்டு. அந்தச் சீட்டுகளை எழுதியவர்கள் தமிழில் எழுதவில்லை. குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி கிராமத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கிறது. அதோடு, பிஜியில் நம்மவர்களின் பெயர்கள் நாளடைவில் குடும்பப் பெயர்களாயின. முனுசாமியின் மகனுக்கும் பேரனுக்கும் ‘சாமி’ என்பதே குடும்பப் பெயராக நின்றிருக்கலாம். கவுண்டர், நாயக்கர், நாயுடு, பிள்ளை, ரெட்டி என்னும் பெயர்களையும் அங்கே காணலாம். ஆகையால், ‘தாத்தாவின் அண்ணன் பெயர் முனுசாமி, வேலூர்ப் பக்கம்’ என்ற அளவில் போகிறவருக்கு, நூற்றுக்கணக்கான முனுசாமிகள் எதிர்ப்படுவார்கள். தகப்பனார் பெயரும், கிராமமும், ஏறத்தாழப் புறப்பட்ட ஆண்டும் தெரிந்து போகிறவருக்கே வழி உண்டு.

இன்னோர் உண்மையையும் முன்கூட்டி அறிந்து போவது நல்லது. அங்கே நம் உறவினரைக் கண்டுபிடித்தாலும், அவர் நம்மிடம் தமிழில் பேசுவது அரிது. சென்னைக் கப்பல்கள் போவதற்கு முன்பே, கால் நூற்றாண்டுக் காலமாக வடநாட்டவர் தோட்டங்களில் குடியேறியிருந்தார்கள். அவர்களிடையே பிறந்த பிஜி ஹிந்தியே எல்லோருக்கும் பொதுமொழியாகிவிட்டது. பின்னால் வந்த தென்னாட்டவர் தொகையில் குறைந்தவர். தோட்டம் தோட்டமாகச் சிதறியவர். தமிழை வைத்துக்கொண்டு காரியம் நடத்த முடியவில்லை. 1926-இல் சாது குப்புசாமி அவர்களின் முயற்சியால் நந்தியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தோன்றியது. அது பள்ளிக்கூடங்கள் பலவற்றை நிறுவித் தென்னாட்டு மொழிகளையும் கற்பித்தது. அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. கோயில்களில் முருகனும் மாரியம்மனும் இருக்கிறார்கள்; சூவாவின் மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. வழிபாடு நின்றது, பண்டிகை நின்றது, வீட்டுப் பேச்சு மட்டும் மெல்ல மெல்ல மாறிவிட்டது. அதற்கு அவர்களைக் குறை கூறுவது தகாது. கையொப்பத்துக்குப் பதிலாகக் கட்டை விரல் ரேகையை வைத்துவிட்டு, போகும் நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதையே அறியாமல் போனவர்களின் மக்கள் அவர்கள். இவ்வளவு மிஞ்சியதே பெரிது.

கன்னட நாட்டில் வாழும் நமக்கு இது புரியாத விஷயம் அன்று. தெருவில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று மூன்றையும் சுமந்து நடப்பவர்கள் நாம். எல்லை தாண்டியவனுக்கு வீட்டுப் பேச்சு எவ்வளவு மெல்லிய நூல் என்பது நமக்குத் தெரியும். நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேற்றுமை ஒன்றே: நாம் ஓர் இரவு ரயில் ஏறினால் காலையில் சென்னையில் இறங்கலாம். அவர்களுக்கு அந்த ரயில் இல்லை.

ஆகவே, பசிபிக் பிரயாணத்துக்கு முதல் ஆயத்தம் பயணச்சீட்டு வாங்குவது அன்று. வீட்டிலுள்ள மிக மூத்தவரின் அருகே ஒரு மாலைப்பொழுது உட்காருங்கள். பாட்டனார் யார், பாட்டனாரின் உடன்பிறந்தார் எத்தனை பேர், எந்தத் தாலுகா, எந்தக் கிராமம், யார் எந்த ஆண்டில் ஊரை விட்டுப் போனார் என்று கேட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விமானம் இந்த வாரம் தவறினால் அடுத்த வாரம் வரும். அந்தப் பெரியவரின் நினைவு அவ்வாறு மீண்டும் வரும் என்பதற்கு உறுதி இல்லை. நோட்டுப் புத்தகம் நிறைந்த பிறகு நந்திக்குச் சீட்டு வாங்கலாம்.